பத்தரைக்கே தூங்கும் கருவி

தெம்பனிஸ் ஹப் நூலகத்தில் ஒரே மேசையைச் சுற்றி நான்கு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். வாயில் பேச்சில்லை; டெலிகிராமில் தேக்கா சந்தை இரைச்சல். நூலகத்தில் சத்தம் கூடாது என்ற விதியை இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்த தலைமுறை கிடையாது. ஒருத்தி யூடியூப் பார்த்தே கொரிய மொழி கற்கிறாளாம். (அவளுடைய தமிழாசிரியருக்கு இது தெரிய வேண்டாம்.)

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு சும்மா இருக்குமா? 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நேரம் உட்படத் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் தடை. பள்ளிவழி வாங்கிய கற்றல் கருவி இரவு 11 மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தது; இப்போது 10.30க்கே தூங்கிவிடுகிறது. நல்ல பழக்கம். பிள்ளைதான் சொந்தக் கைப்பேசியோடு முழித்திருக்கிறது.

பெரியவர்கள் மட்டும் என்ன? 2016 ஆகஸ்ட்டில் போக்கிமான் கோ கைப்பேசி விளையாட்டு வந்தபோது ஹவ்காங் 401ஆம் புளோக்கை இரவில் முற்றுகையிட்ட கூட்டத்தில், சீருடை வயதைத் தாண்டியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் இன்று பிள்ளைகளின் திரைநேரம் பற்றிக் கவலைப்படும் பொறுப்பில் இருப்பார்கள்.

"எந்நேரமும் போன்தானாடா?" என்று அக்கா மகனைக் கேட்டார் என் அண்ணன்.

"போன் பார்த்தா மூளை கெட்டுப்போகும்னு குடும்பக் குழுவில நீங்க அனுப்பின வீடியோதான் மாமா. இன்னும் பாதி இருக்கு."