மூன்று நாற்காலிக்கு ஓர் ஆள்

சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி சிறுசேரி வரை எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட், டப்பாவில் ஆறிப்போன தயிர்சாதம். ஆட்குறைப்பில் தப்பிப் பிழைத்தவர். விருதுநகரில் இருக்கும் அவருடைய அம்மா, "எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்களாம். எம் புள்ளைய மட்டும் விடமாட்டேன்னுட்டாங்களாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

உண்மைதான். ராத்திரி பதினொன்றரை ஆனாலும் விடுவதில்லை.

போனவர்களுக்கென்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது: ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். கணினிக்கு முன்னால் உட்காருகிறவர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளிதானா என்று கோர்ட் வரை போய் வாதாட வேண்டியிருந்தது, அதற்குள் ஹெச்.ஆர். அறையில் ராஜினாமாக் கடிதமே வாங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். எப்படியோ, அது போகிறவரின் கணக்கு. இருக்கிறவரின் கணக்கை மேனேஜர் போடுகிறார். மூன்று பேர் வேலை, ஒருவர் சம்பளம், பாக்கிக்குப் பாராட்டு மெயில்.

பக்கத்து நாற்காலிக்காரரின் லாகின் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே துண்டிக்கப்பட்டுவிட்டது. "அப்ப அவர் வேலையச் சொல்லிக்குடுக்கற கே.டி. யார் சார் குடுப்பாங்க?" என்று நம்மவர் கேட்டார். "டாக்குமென்ட்ல எல்லாம் இருக்கும். நீங்கதான் ஓனர்ஷிப் எடுத்துக்கணும்" என்றார் மேனேஜர். டாக்குமென்ட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் தலைப்பு, இரண்டாம் பக்கத்தில் 'விரைவில் எழுதப்படும்'. தினமும் நள்ளிரவில் ஒரு புரோகிராம் தானாக ஓடி க்ளையன்டுக்கு அறிக்கை அனுப்புகிறது. அதன் பாஸ்வேர்ட் போனவரின் தலைக்குள் இருக்கிறது. தலை இப்போது பெரம்பலூரில் இருக்கிறது.

யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரியாமல் ஆளைக் குறைப்பது நம்மூர் மேனேஜர்கள் கண்டுபிடித்ததல்ல. ட்விட்டரை வாங்கிய கையோடு 2022 நவம்பரில் ஈலான் மஸ்க் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அனுப்பினார். அந்த வாரக் கடைசி முடிவதற்குள் அவர்களில் சிலரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த ஜனவரியில் கூகுள் 12,000 பேரைக் குறைத்தபோது, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அதற்கு முழுப் பொறுப்பையும் தானே ஏற்பதாக ஊழியர்களுக்கு எழுதினார். எல்லா ஊரிலும் பொறுப்பை மேலே இருப்பவர் ஏற்றுக்கொள்கிறார், வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் ஏற்றுக்கொள்கிறார்.

மூன்று பேருடைய மீட்டிங்குகளும் இவர் தலையில்தான். ஒரே நேரத்தில் இரண்டு வந்தால் ஒரு காதில் லேப்டாப், இன்னொரு காதில் போன். ஒன்றில் "வெள்ளிக்கிழமைக்குள் முடிச்சிடுவேன்" என்கிறார். இன்னொன்றில் அதே வேலை ஏன் தாமதம் என்று கேட்கிறார்கள். மெயிலில் 'டூ'வும் இவர், 'சிசி'யும் இவர். தன்னைப் பற்றித் தனக்கே புகார் அனுப்பி, உடனே கவனிப்பதாகத் தானே பதிலும் போடுகிறார். வேலை ஏன் நகரவில்லை என்று ஆராய மேனேஜர் தினமும் மாலை ஆறரைக்கு இன்னொரு மீட்டிங் வைத்திருக்கிறார்.

மேனேஜர் உண்மையில் நம்புவது டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியை. ஐந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தால் முள் நகர நகரப் பச்சை அணையாது என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். நம்மவர் அதை நம்பித்தான் கழிவறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டியதாகப் பத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியதைப் படித்த அன்று கடிகாரத்தைக் கழற்றி மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது கேன்டீனே கொதித்தது. எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டபோது எல்லாரும் மீம்ஸ் போட்டார்கள். நம்மவர் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார்களா என்பதுதான் அவருக்கு எழுந்த சந்தேகம்.

ஒரு தடவையாவது 'முடியாது' என்று சொல்லலாமே? சொல்வதாகத்தான் இருந்தார். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகவும், அதில் நடு, மூத்த நிலைகளில் இருப்பவர்களே அதிகம் என்றும் செய்தி வந்தது. இவர் வேலை பார்ப்பது வேறு கம்பெனிதான். ஆனாலும் மேடவாக்கம் ஃபிளாட்டின் இ.எம்.ஐ.யை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தார். மறுநாள் மேனேஜர், "இன்னொரு மாட்யூல் இருக்கு, பேண்ட்வித் இருக்கா?" என்றதும், "இருக்கு சார்" என்றது வாய்.

மூன்றாவது மாதம் நள்ளிரவு அறிக்கை நின்றுபோனது. க்ளையன்ட் கத்தினார், மேனேஜர் மீட்டிங் போட்டார், மீட்டிங்கில் ஒரு குழு போட்டார்கள். கடைசியில் பெரம்பலூருக்குப் போன் போனது. போனவர் ஓர் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் திரும்பி வந்தார், மணிக்கணக்கில் பில் போட்டுக்கொண்டு, பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாக. தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, நம்மவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஜி, பாஸ்வேர்டக்கூட இன்னும் மாத்தலையா?"

"மாத்தறதுக்கு மொதல்ல அது தெரியணுமே ஜி" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "உங்க ஏஜென்சில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கா?"