கொல்லைக் கோணல் பிரகரணம்

வீட்டுக் கொல்லையில் செயற்கைப் புல்லைப் பரப்பி, கோல்ஃப் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் உருட்டுவதற்கென்று ஒரு பசுந்தரை அமைத்துக்கொள்ளும் வித்தை, அமெரிக்க தேசத்தில், விசேஷமாக அரிசோனா மாகாணத்து ஸ்காட்ஸ்டேல் போன்ற பாலைவன நகரங்களில், மிகுந்த பிரசித்தி பெற்று விளங்குகிறது. அதற்கு விலை சொல்வோர் மலிந்திருக்க, அதன் தத்துவத்தை விசாரிப்போர் அரியராதலின், அக்குறையை நீக்கும்பொருட்டு எழுந்தது இப்பிரகரணம். இதன் பிரதிக்ஞை ஒன்றே: மனிதன் இத்தரையை அமைப்பது பந்து குழியில் விழாமல் போவதற்காக.

இதற்குப் பிரமாணம் யாதெனின், முதற்பிரமாணம் அக்குழியே. ஸ்காட்லாந்தில் மஸ்ஸல்பரோ மைதானத்தார் 1829-இல் வைத்திருந்த குழி வெட்டும் கருவி நாலேகால் அங்குல விட்டமுடையது. 1891-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்தார் அவ்வளவையே விதியாக்கினர். பந்தின் விட்டமோ 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. தன்னைவிட இரண்டரை மடங்கு அகன்ற வாய்க்குள் நுழைய ஒரு பந்து மறுக்கிறதென்றால், அதில் வருந்தத்தக்கது ஏதோ இருக்கிறது. சங்கத்தாரின் அதிகாரம் கொல்லை வேலியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. இடமும் குழியும் தன்னுடையனவாயிருக்க, உரிமையாளர் ஓரடி அகலத்தில் குழி தோண்டிக்கொண்டு நித்தியானந்தத்தில் திளைக்கலாமே எனின், அங்ஙனம் செய்ய அவர் மனம் ஒப்புவதில்லை. பயிற்சிக்கென்று விதியளவினும் சிறிய குழியை வைத்துக்கொள்ளும் மகானுபாவர்களும் உளர். துன்பத்தை விலை கொடுத்து வாங்குவோர் அதில் எடை குறைவதைப் பொறுக்கமாட்டார்கள் போலும்.

இனி இரண்டாம் பிரமாணமாகிய நிர்மாண முறை. கொல்லை மண்ணை மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஜல்லி பரப்பி, அதன்மேல் கற்பொடி தூவி, நீர் தெளித்து, அதிரும் இயந்திரத்தால் திமிசு போட்டு இறுக்குவர். மேடு பள்ளம் என்ற பேச்சுக்கே இடமின்றி இத்தனை சிரமப்பட்டு நிரவிய அந்த நிமிஷத்திலேயே, அதே ஆட்கள் மறுபடியும் மண்வெட்டியை எடுத்து, இங்கே ஒரு மேடும் அங்கே ஒரு பள்ளமும் உண்டாக்கத் தொடங்குகிறார்கள். இவ்விடத்தை வாசகர் ஊன்றி நோக்குக. மழைநீர் வடிவதற்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சரிவு போதும். அதனை அவசியச் சரிவு எனலாம். அதற்கு மேற்பட்டதெல்லாம் விலாசச் சரிவு, அதாவது கூலி கொடுத்துப் பெறும் கோணல். உலகத்தில் வேறெந்தக் கொற்றனிடம் நாம் கோணலுக்குக் கூலி கொடுத்திருக்கிறோம்? பிறகு குழிக்கு உறை பதித்து, அரை அங்குல உயரப் புல்விரிப்பை இழுத்துப் பரப்பி, ஓரம் கத்தரித்து, இணைப்புகளை ஒட்டி, சிலிகா மணலைத் தூவி, இழைகளுக்கிடையே இறங்கும்படி தேய்த்துத் தேய்த்து விடுவர். மணல் மிகுந்தால் பந்து விரையும்; குறைந்தால் தயங்கும்.

அவ்வேகத்தை அளக்கவும் ஒரு யந்திரம் உண்டு. 1935-இல் பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் பெரிய வீரர்களின் பந்துகளும் நில்லாமல் ஓடக் கண்ட எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பார் இயற்றியது அது. மூன்றடி நீளச் சலாகையில் பந்தை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்த, அது உருண்டு இறங்கித் தரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அத்தனையே அத்தரையின் வேகம். நல்ல தரையில் பத்தடிக்கு மேலும் ஓடும். கொல்லையின் நீளமே ஒன்பதடியாயின், பந்து வேலியில் முட்டி நிற்குமாதலின், அத்தரையின் வேகம் அளவிடற்கரியது என்று உரிமையாளர் சாதிக்கலாம்; தர்க்க சாஸ்திரம் அவரைத் தடுக்காது.

ஈண்டுப் பூர்வபட்சி எழுந்து, "இவ்வளவும் எதற்கு? உண்மைப் புல்லை வளர்த்தால் ஆகாதோ?" என்பான். மைதானத்துப் புல்லை ஓர் அங்குலத்தில் எட்டிலொரு பங்கு உயரத்துக்கு நாள்தோறும் கத்தரிக்க வேண்டும். பாலைவனத்தில் அதற்கு நீர் வார்க்கவும் வேண்டும். அன்றியும் உண்மைப் புல்லின் உறுதியை ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கம் முன்னமே பரீட்சித்துவிட்டது. அங்கே கூரையின் ஒளிபுகும் பலகைகளின் கூச்சத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லையென்று கூரைக்கு வர்ணம் பூச, வெயிலிழந்த புல் மாண்டது; 1966-இல் மான்சான்டோ கம்பெனியின் செயற்கைப் புல் அவ்விடத்தில் ஏறி அமர்ந்தது. ஆயினும் பூர்வபட்சிக்கு ஒன்று விட்டுக்கொடுப்போம். செயற்கைப் புல் கோடையில் உண்மைப் புல்லைக் காட்டிலும் மிகுதியாகக் கொதிப்பதால், மாலையில் காலை வைக்குமுன் குழாயைத் திறந்து அதனைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. தாகமில்லாத புல்லுக்கும் ஸ்நானம் உண்டு.

மெய்யான இடர் வேறு. மைதானத்தில் புல் வளரும், பனி பெய்யும், குழியையும் அடிக்கடி இடம் மாற்றுவர். ஆதலின் நேற்றைய அனுபவம் இன்று முழுவதும் செல்லாது. கொல்லைத் தரையோ மாறுவதில்லை. உரிமையாளர் ஒரு பருவத்துக்குள் ஒவ்வொரு மேட்டின் குணத்தையும் கண்டுகொள்ள, பந்து தவறாமல் விழத் தொடங்குகிறது. நம் பிரதிக்ஞைப்படி அன்றோடு தரையின் பிரயோஜனம் முடிந்தது. இதற்குப் பரிகாரமாக, குழிகளைப் பெருக்குக என்பர் ஒருசாரார்; விரிப்பை உரித்து மேட்டை இடம் பெயர்க்க என்பர் செலவஞ்சாத வேறொரு சாரார். இவ்விரண்டும் நமக்கு உடன்பாடல்ல. அடுத்த வீட்டாரை விருந்துக்கு அழைத்து, சிறு பந்தயம் கட்டி, கோலை அவர் கையில் கொடுப்பதே உத்தமம். அவர் நேரே தட்டுவார். பந்து இடப்பக்கம் வளைந்து போகும். தரைக்கு மீண்டும் உயிர் வரும். செலவான தொகையிலும் சிறிது மீளும்.

அவ்விருந்தாளியும் விஷயம் தெரிந்தவராயின், அடுத்த வேனிலில் அவர் வீட்டு வாசலில் ஜல்லி வண்டி வந்து நிற்கும். அவர் கொல்லையில் பந்து எந்தப் பக்கம் வளையும் என்பதை அவர் நமக்குச் சொல்லப்போவதில்லை.