வியாழக்கிழமை மாவீரர்

அமெரிக்காவில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் கணக்குப் பிரிவில் இவர் ஒருவர் இருப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சாம்பல் நிறச் சட்டை ஐந்து வைத்திருப்பார். ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல். மேஜையில் ஸ்டேப்ளர் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருப்பார், யாராவது எடுத்தால் தெரியவேண்டுமே! பேசினால் மழையைப் பற்றி. விட்டால் வட்டி விகிதத்தைப் பற்றி. ஆண்டு விழாவில் டான்ஸ் ஆடக் கூப்பிட்டால், கார் விளக்கை அணைத்தோமா என்று பார்த்துவரப் போவார். போனவர் போனவர்தான்.

"பாவம், உப்புச் சப்பில்லாத மனுஷன்" என்று அலுவலகம் ஒருமனதாகத் தீர்ப்பெழுதி வெகுநாள் ஆன பிறகு, ஒருநாள் காபி மெஷினுக்குச் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கைவிடுவார். காசோடு சேர்ந்து ஊதா நிறத்தில் ஒரு பகடை தரையில் விழுந்து உருளும். தாயமோ பரமபதமோ ஆடுகிற பகடை இல்லை. இருபது முகம் கொண்டது. இருபது வருடமாக எதற்கும் அவசரப்படாத மனிதர், காசை விட்டுவிட்டுப் பகடையின் பின்னால் ஓடுவார். "பையனோடது" என்பார் மூச்சிரைக்க. பையனுக்கு முப்பத்திரண்டு வயது. வேறு மாநிலத்தில் பல் டாக்டராக இருக்கிறான்.

பிறகு யோசித்தால் தடயங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். வியாழன் சாயங்காலம் மட்டும் மனிதர் ஓவர்டைம் பார்க்க மாட்டார். கேட்டால் "ஒரு சின்ன வேலை." அன்று அந்தச் சின்ன வேலை ஒரு சூனியக்காரியின் கோட்டையை முற்றுகையிடுவது. பிரிண்டரில் ஒருதரம் ஒரு தாளை மறந்துவிட்டுப் போனார்: பலம் 16, சுறுசுறுப்பு 9, வசீகரம் 6. மனிதவளப் பிரிவு அதை அவருடைய வருடாந்திர மதிப்பீடு என்று நினைத்து ஃபைலில் சேர்த்துவிட்டது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும், பக்கத்து மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து வெளியிட்டது. மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். அவர்களில் ஒருவர் டஞ்சன் மாஸ்டர். கதை சொல்லி, நடுவர், எல்லா வில்லன்களும் அவரே. "எதிரே இரும்புக் கதவு. உள்ளே ஏதோ பெரிய பிராணி குறட்டை விடுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். கதவை உடைக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதாது. இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தன் பலத்துக்கு உண்டானதைக் கூட்டி, கதவுக்கு விதித்த எண்ணைத் தொட வேண்டும். ஜெயித்தவர் தோற்றவர் என்று முடிவாவதில்லை. டிவி சீரியல் மாதிரி வருடக்கணக்கில் ஓடும். விளம்பர இடைவேளைக்குப் பதில் பீட்சா.

நம்மவர் இதில் குள்ளர் இனத்துப் போர்வீரன். தாடி இடுப்பு வரை. கையில் சுத்தியல். கூட்டாளிகளையும் பார்க்க வேண்டும். திருச்சபைப் பாதிரியார் ஒருவர் திருடனாக ஆடுகிறார், பூட்டுடைப்பதில் கெட்டிக்காரர். 1980-களில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தானிடம் கொண்டுபோய் விடும் என்று பல சபைகளில் பிரசங்கம் முழங்கியதுண்டு. அதைக் கேட்டுக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் பகடையை ஒளித்துவைத்திருந்த சிறுவன்தான் வளர்ந்து இன்று அங்கி மாட்டியிருக்கிறார். அறுபது வயது நர்ஸம்மா இருக்கிறார். காயம்பட்டவர்களைக் குணப்படுத்தும் பூசாரி வேடத்தை எல்லோரும் அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். "நாள் பூரா ஊசி போட்டுட்டு வரேன், இங்கேயுமா?" என்று இரட்டைக் கோடாலியைத் தூக்கிவிட்டார். நூலகரம்மா மந்திரவாதி. பகலில் "ஷ்ஷ்" என்பவர், இரவில் தீக்குண்டு எறியும்போது போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்கிறது.

வேஷம் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பதுதான் வேடிக்கை. துரியோதனன் கட்டியவர் கூத்து நடுவே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் "மோட்டாரை நிறுத்தினியாடா?" என்று கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நர்ஸம்மா கோடாலியை வீசிக்கொண்டே, "ஆயுள் புள்ளி எவ்வளவு இருக்கு? கடைசியா எப்ப ஓய்வெடுத்தே?" என்று கேட்பதை நிறுத்த முடியவில்லை. நம்மவரோ, டிராகன் தூங்கும் குகையில் தங்கக் காசுப் புதையலைக் கண்டதும் கால்குலேட்டரை எடுத்தார்.

"மொத்தம் எத்தனை காசு?"

"நாலாயிரம்."

"விதிப்படி ஐம்பது காசு ஒரு பவுண்டு. எண்பது பவுண்டு ஆச்சு. யார் தூக்குறது?"

"நான் தூக்குறேன்" என்றார் நூலகரம்மா.

"உங்க பலம் எட்டு. பதினைந்தால் பெருக்கினால் நூற்றிருபது பவுண்டு. ஏற்கெனவே ஐம்பது பவுண்டு சாமான் வெச்சிருக்கீங்க. பத்து பவுண்டு இடிக்குது."

அந்தப் பத்து பவுண்டை என்ன செய்வது என்பதில் இருபது நிமிடம் வாதம் நடந்தது. அதற்குள் டிராகன் விழித்துக்கொண்டது. முதலில் வறுபட்டவர் பாதிரியார். காசுகளை அடுக்கிப் பாதி எண்ணியிருந்த குள்ளர், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டார்.

இவரா இதை ஆடுகிறார் என்று நாம் வாய் பிளப்பதில் நியாயமே இல்லை. ஆட்டத்தைப் படைத்த கைகாக்ஸ், அதற்கு முன்னால் காப்பீட்டுக் கம்பெனியில் அண்டர்ரைட்டர். யாருக்கு என்ன ஆபத்து நேரக்கூடும், அதற்கு எவ்வளவு பிரீமியம் என்று அட்டவணை பார்த்துச் சொல்கிற உத்தியோகம். 1970-ல் அந்த வேலை போனது. கொஞ்ச காலம் செருப்புத் தைத்தும் பிழைத்தார். அட்டவணை போடுகிற கை சும்மா இருக்குமா? மனிதருக்குப் போட்டதைப் பூதங்களுக்குப் போட்டார். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். பெட்டிகளைக் கையாலேயே அடுக்கி விற்றார்கள். இன்று விதிப் புத்தகத்தைப் புரட்டினால் பாதிக்குப் பாதி அட்டவணைதான். கயிறு என்ன விலை, விழுந்தால் எத்தனை அடிக்கு எவ்வளவு சேதம், எந்த மந்திரம் எத்தனை நிமிடம். கணக்குப்பிள்ளைக்கென்றே வளர்த்த காடு அது. அங்கே அவர் வழிதவறிப் போனவரல்ல, வழிகாட்டியே அவர்தான்.

வியக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். திரையில் காரோடு ஆகாயத்தில் பறக்கும் வின் டீசல், 2004-ல் இந்த ஆட்டத்தின் 30 ஆண்டு நிறைவு நூலுக்கு முன்னுரை எழுதியவர். 'த கிரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்' படப்பிடிப்பில், ஜேம்ஸ் பாண்டுக்கே மேலதிகாரியாக வந்த ஜூடி டென்ச்சை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாக அவரே பெருமைப்பட்டிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் ஜோ மேங்கனியெல்லோ வீட்டு நிலவறை மேஜையில், கிதார் கலைஞர் டாம் மொரெல்லோவும், பிக் ஷோ என்ற ஏழடி மல்யுத்த வீரரும் பகடை உருட்டியிருக்கிறார்கள். ஏழடி மனிதர் எதற்குப் பலத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பதை யாராவது விளக்கினால் நல்லது.

சிறையிலும் ஆள் உண்டு. விஸ்கான்சின் மாநிலம் வாபன் சிறைக் கைதி ஒருவர் 96 பக்கம் கையால் எழுதி உலகம் ஒன்றைப் படைத்துவைத்திருந்தார். சிறை நிர்வாகம் பறிமுதல் செய்து ஆட்டத்துக்கே தடை போட்டது. வழக்கு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2010-ல் தடை செல்லும் என்று தீர்ப்பானது. ஆட்டம் பிறந்த அதே மாநிலத்தில்! ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு நடப்பதால் இது ரவுடிக் கும்பலுக்கு வழிவகுக்கும் என்பது நிர்வாகத்தின் வாதம். டஞ்சன் மாஸ்டர் யாரையாவது சாட்சிக்கு அழைத்திருக்கலாம். ஐந்து பேரை ஒரே கதவுக்குள் அழைத்துப்போக மூன்று மணி நேரம் கெஞ்சுகிற அந்த ஜீவன், தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று நீதிபதி முன் கதறியழுதிருக்கும்.

ரகசியம் தெரிந்த பிறகு நம்மவரிடம் சலுகை கிடைக்கும் என்று மட்டும் யாரும் கணக்குப் போட வேண்டாம். விற்பனைப் பிரிவில் ஒரு விவரமான பையன் முயன்று பார்த்தான். ரசீது தொலைத்துவிட்ட டாக்ஸிச் செலவு நாற்பது டாலர். விண்ணப்பத்தின் மேல் இருபது முகப் பகடை ஒன்றை வைத்து நீட்டினான். "சார், நீங்களே உருட்டுங்க. இருபது விழுந்தா கையெழுத்துப் போடுங்க." நம்மவர் அக்கம்பக்கம் பார்த்தார். கண்ணில் ஒரு நொடி அந்தக் குள்ளன் எட்டிப் பார்த்தான். பகடையை உள்ளங்கையில் குலுக்கி உருட்டினார். பளிச்சென்று இருபது.

பையன் துள்ளினான். அவர் பகடையை எடுத்துச் சட்டையில் துடைத்து அவன் கையிலேயே கொடுத்தார்.

"இருபது விழுந்தா தானா ஜெயிக்கிறது எதிரியைத் தாக்கும்போதுதான். மற்ற காரியத்துக்குக் கூட்டிக் கழிச்சுத்தான் பார்க்கணும். விதிப் புத்தகத்திலே தெளிவா இருக்கு. ரசீது இல்லாத டாக்ஸிக்கு நான் வெச்சிருக்கிற எண் முப்பது. போயிட்டு வா."