சில்லறைக் கேள்வி, செல்லும் பதில்

*ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியக் காசு லட்சக்கணக்கில் விலை போகுமாமே?*
– வாசகர், பாறசாலை

வயது ஏறினால் விலை ஏறும் என்பது காசுக்குப் பொருந்தாது. 1353இல் வெனிஸ் நகரம் ‘டோர்னசெல்லோ’ என்றொரு காசு போட்டது. செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்தது; ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் சிங்கம். தன் ஆட்சியிலிருந்த கிரேக்கப் பகுதிகளின் சந்தைச் செலவுக்காக ஏராளமாக அடித்துத் தள்ளியது. இன்றும் நிறையக் கிடைப்பதால் விலை குறைவு. மாதச் சம்பளக்காரரும் இடைக்கால ஐரோப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். காசு சேர்க்கும் பொழுதுபோக்கின் அழகே அதுதான்.

*வெனிஸ் காசு நம்ம ஊர்ப்பக்கம் வந்ததுண்டா?*
– வாசகி, உதியன்குளங்கரை

தங்கம் வந்தது. 1284 முதல் வெனிஸ் அடித்த டுகாட், மூன்றரை கிராம் சுத்தத் தங்கம். மலையாள நாட்டில் அதற்குப் பெயர் ஆமாடை. மிளகுக்கு விலையாக அலெக்சாண்ட்ரியா, செங்கடல் வழியே கைமாறிக் கைமாறி வந்தது. டோர்னசெல்லோவுக்கு அந்த யோகம் இல்லை. கிரீட் தீவில் ரொட்டி வாங்கித் தந்த காசை எகிப்தில் யார் வாங்குவார்? தங்கம் எங்கும் செல்லும். சில்லறை, அடித்த அரசின் சொல் செல்லும் இடம்வரைதான் செல்லும்.

*அப்படியானால் நம்முடைய சில்லறை எது?*
– வாசகர், களியக்காவிளை

திருவிதாங்கூர்ச் சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு! வாய்ப்பாடு தெரியாமல் வியாபாரத்துக்கு இறங்க முடியுமா? பழைய வெள்ளிச் சக்கரம் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குழி போட்ட பலகையில் கொட்டிக் குலுக்கினால் குழிக்கொன்றாய் உட்காரும், எண்ணிக்கை முடிந்தது. இன்று உங்கள் ஊருக்கும் பாறசாலைக்கும் நடுவே உள்ள தமிழக–கேரள எல்லை, 1956 நவம்பர் 1க்கு முன் ஆரல்வாய்மொழியில்தான் இருந்தது. எனவே, உங்கள் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் ஒரே காசுதான். ஆமாடை வைத்திருந்தவர் சிலர். காசை மடியில் முடிந்தவர் எல்லோரும்.

*பழைய செப்புக்காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?*
– வாசகி, அமரவிளை

குத்துவிளக்குக்குச் செய்யுங்கள், காசுக்கு வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காலம் போட்ட காப்பு. அதை உரித்தால் எழுத்தும் தேயும், மதிப்பும் தேயும். காகித உறைக்குள் போட்டு, யாரிடமிருந்து, எந்த ஊரில் கிடைத்தது என்று உறைமேல் எழுதுங்கள். ஊர் தெரியாத காசு பாதி ஊமை.

*கிணறு வெட்டும்போது காசு கிடைத்தால்?*
– வாசகர், செங்கல்

எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளப் புதையல் சட்டம், 1968. தமிழ்நாட்டுப் பக்கம் இந்தியப் புதையல் சட்டம், 1878. சட்டம் இரண்டானாலும் வழி ஒன்றுதான்: கலெக்டருக்குச் சொல்லிவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்த்து மகிழ, நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையின் நாணய அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள்.

*தேய்ந்த செப்புக்காசைச் சேர்த்து என்ன பயன்? பவுனாவது வாங்கி வைக்கலாமே!*
– வாசகர், நெய்யாற்றின்கரை

பவுன் சேர்த்தால் சொத்து, சில்லறை சேர்த்தால் சரித்திரம். பெரும்பாலும் பெட்டியில் பூட்டிக் கிடந்த தங்கத்துக்கு அரசனையும் வணிகனையும்தான் தெரியும். உப்பும் மீனும் வாங்கியது செம்பு; அது எத்தனை கை மாறியது என்பதற்குத் தேய்மானமே சாட்சி. கிரீட் மீனவப் பெண்ணின் டோர்னசெல்லோவும் பூவார் மீன்காரியின் காசும் ஒரே வேலையைத்தான் செய்தன. டோர்னசெல்லோவில் என்ன வாங்கினாய் என்று கேட்க இன்று ஆளில்லை. திருவிதாங்கூர்க் காசோடு 1940களில் கடைக்கு ஓடிய பிள்ளைகளுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். முதல் காசு வாங்குமுன் அவர்களிடம் போங்கள். ஒரு சக்கரத்துக்கு என்னென்ன கிடைத்தது என்று கேட்டு, இந்த வாரமே எழுதி வையுங்கள்.