நரிக்கொம்பும் ஒன்பது வாலும்: ஓர் ஒப்பாய்வு

1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜப்பானில் வெளியான போக்கிமான் வீடியோ விளையாட்டில் 37ஆம் இலக்கத்தில் ஆறு வாலுடைய வல்பிக்ஸ் என்னும் நரியும், 38ஆம் இலக்கத்தில், தீக்கல் பட்டதும் அது உருமாறி அடையும் ஒன்பது வால் நைன்டேல்ஸும் இடம்பெற்றிருக்க, அவற்றுக்குச் சற்றும் குறையாத தகுதியுடைய, இலங்கையின் புத்தளக் கரையோர நரிக்கு ஓர் இலக்கமும் வழங்கப்படாதது ஆய்வுக்குரியதாகும்.

ஜப்பானிய நாட்டார் மரபில் கிட்சுனே எனப்படும் நரி, வயது ஏற ஏற வாலும் வலிமையும் பெருகி, ஆயிரம் ஆண்டில் ஒன்பது வாலை எட்டுகிறது. வாலைப் பிடித்தவனை ஆயிரம் ஆண்டு பிடிக்கும் நைன்டேல்ஸின் சாபத்தில் அந்தக் கணக்கின் எதிரொலி கேட்கிறது. தொபா பேரரசரை மயக்கிய தமாமோ நோ மாயே என்ற ஒன்பது வால் நரி, அதற்கு முன் சீனத்திலும் இந்தியாவிலும் அரசர்களின் துணைவியாக இருந்து குடிகெடுத்தது என்கிறது கதை. இந்தியா வரை வந்த நரி பாக்கு நீரிணையைக் கடக்காமல் திரும்பியது ஏன் என்ற கேள்விக்கு, புத்தளத்தை அடுத்த வில்பத்துக் காட்டில் அந்தப் பதவி ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது என்பதே பொருத்தமான விடையாகும்.

விலங்கியலார் கூற்றின்படி இலங்கையில் உண்மையான குள்ளநரி இல்லை. இருப்பது பொன்நரியின் துணையினமொன்று, அதற்கும் வால் ஒன்றுதான். ஆனால் இக்குறையை ஈடுசெய்ய அதற்கு நரிக்கொம்பு உண்டு. அதாவது கூட்டத்தின் தலைவனுடைய மண்டையில், மயிர்க்கற்றைக்குள் மறைந்து, ஏறத்தாழ அரை அங்குல நீளத்தில் வளர்வதாக நம்பப்படும் கூம்பு. 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், இதை வைத்திருப்பவர் நினைத்ததெல்லாம் நடக்கும் என்றும், களவு போனாலும் தானாகவே திரும்பி வரும் என்றும், நகையோடு சேர்த்து வைத்தால் திருடன் அண்டான் என்றும் சிங்களவரும் தமிழரும் நம்பியதைப் பதிவுசெய்கிறார். மேலும், தொடர்ந்து தோற்றுவந்த வழக்காளி ஒருவர் இறுதி விசாரணைக்கு முன் கொம்பை நண்பர்களுக்குக் காட்ட, செய்தி எட்டிய எதிர்த்தரப்புச் சாட்சிகள் அஞ்சித் தம் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டு அவரை வெல்லவைத்ததையும் அவர் கூறுகிறார். பேரரசரை மயக்குவதற்கு அழகு போதும். எதிர்த்தரப்புச் சாட்சியை மனம் மாற்றுவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை வழக்காடியவரே அறிவர்.

இரு நாட்டு நரிகளும் ஒன்றுபடும் இடம் திருமணம். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் ஜப்பானில் நரி மணமகள் ஊர்வலம் போகிறாள். தமிழிலும் சிங்களத்திலும் அதே வேளையில் நரிக்குக் கலியாணம். இச்சடங்கில் விருந்தினருக்கு நட்டமில்லை என்பது ஜப்பானியக் கருத்தாக இருக்கலாம். புத்தளத்து உப்பளத்தில், பாத்தியில் விளைந்த உப்பு கண்முன்னே கரைய, அள்ளிய குவியலையாவது காக்கக் கிடுகைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் மணமக்களை வாழ்த்தும் நிலையில் இருப்பதில்லை.

போக்கிமான் விளையாட்டில் ஓர் உயிரிக்கு ஒரே நேரத்தில் நான்கு தாக்குதல்களுக்குமேல் அனுமதியில்லை என்பதால், புத்தள நரிக்கு ஊளை, உப்புக் கரைத்தல், சாட்சி பிறழ்த்தல், தவணை வாங்கல் ஆகியவை இங்கு முன்மொழியப்படுகின்றன. இவற்றுள் நான்காவது எதிரியை உடனே வீழ்த்தாது, ஆனால் எதிரியின் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஆட்டத்தை முடியவும் விடாது.