கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்

என் காரில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வாங்கிய மூன்று வருடத்தில் அதை மொத்தம் நாலைந்து தடவைதான் அழுத்தியிருப்பேன். அதுவும் பெரும்பாலும் கை தவறி. இத்தனைக்கும் அந்தப் பொத்தானுக்காகவே வீட்டில் சண்டை போட்டு, கீழ் மாடலை விட்டுவிட்டு மேல் மாடலை வாங்கினவன் நான். "வெயிலுக்கு ஏத்த மாதிரி தானாவே குளிரைக் கூட்டிக் குறைச்சுக்கும் சார்" என்றார் ஷோரூம் தம்பி. திருச்சியில் குடியிருக்கிற எவனும் இதைக் கேட்டபிறகு கையெழுத்துப் போடாமல் எழுந்து வரமாட்டான்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு சின்ன கார் வைத்திருந்தேன். ஏசிக்கு மூன்றே மூன்று குமிழ். ஒன்று காற்றின் வேகத்துக்கு. ஒன்று காற்று முகத்துக்கா, காலுக்கா என்பதற்கு. மூன்றாவது, நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்புவது. அந்த மூன்றாவது குமிழுக்கு டிகிரி கணக்கெல்லாம் தெரியாது. கூலிங் காயிலைத் தாண்டி வரும் சில்லென்ற காற்றில் எவ்வளவை ஹீட்டர் பக்கம் திருப்பிவிடுவது என்று உள்ளே ஒரு சின்னக் கதவை நகர்த்தும், அவ்வளவுதான். குளிக்கிற வாளியில் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் விளாவுகிற வேலை. விளாவுகிறவன் கைதான் தெர்மாமீட்டர். அந்தக் கை எனக்கு இருந்தது. பாலத்தில் ஏறினால் ஒரு சுற்று, மரநிழல் வந்தால் அரைச் சுற்று, பின்சீட்டிலிருந்து "ஏங்க, குளிருதுங்க" என்று குரல் வந்தால் கால் சுற்று. ரோட்டைப் பார்த்தபடியே செய்வேன். பதினோரு வருடம் ஏசி ஆபரேட்டராக இருந்தவனைப் புது கார் திடீரென்று ரிட்டையர் பண்ணிவிட்டது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் கோளாறு 16-ல் தொடங்கியது. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற காருக்குள் ஏறினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அவசரமாக 24-ஐ 16-க்கு இறக்குவேன். சீக்கிரம் குளிரும் என்ற நினைப்பு. பழைய குமிழை நீலத்தின் கோடிக்குத் திருப்பிய பழக்கம். ஆனால் இந்த எண், வருகிற காற்றின் குளிர்ச்சியைச் சொல்வதில்லை; காரின் உட்புறம் கடைசியில் எந்த நிலைக்கு வரவேண்டும் என்பதைச் சொல்கிறது. உள்ளே அடுப்பாகக் கொதிக்கும்போது 24 என்று வைத்தாலும் 16 என்று வைத்தாலும் இயந்திரம் தன்னால் முடிந்த முழுக் குளிரையும் முழு வேகத்தில்தான் ஊதும். ஶ்ரீரங்கத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காக ஆட்டோக்காரரிடம் சமயபுரம் என்று சொல்வதுபோல் இருந்தது என் காரியம். வண்டி வேகமாகப் போகாது. ஶ்ரீரங்கத்தில் நிற்காமல் போய்விடும். அப்படித்தான் ஆனது. பத்து நிமிடத்தில் வீட்டம்மா முந்தானையால் தலையை மூடிக்கொள்வாள். நான் பதறி 28-க்கு ஏற்றுவேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் வியர்க்கும். மறுபடி 16.

இரண்டாவது கோளாறு சத்தம். ஆட்டோவில் போட்டால் முதல் சில நிமிடம் காற்று ஹோவென்று வரும். உள்ளே குளிரக் குளிரத் தானே அடங்கும். அது அடங்கும்வரை பொறுக்கிற பொறுமை எனக்கு ஏது? உடனே ஃபேனைக் குறைப்பேன். குறைத்த கணமே 'ஆட்டோ' விளக்கு அணைந்துவிடும். 'சரி, இனி நீயே பார்த்துக்கொள்' என்று அது ஒதுங்கிக்கொள்வதாக அர்த்தம். அந்த விளக்கு ஏன் அணைகிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. வீட்டம்மா யோசித்துவிட்டாள். "சமையலுக்கு ஆள் வெச்சுட்டு நீங்களே போய் கிண்டுற மாதிரி இருக்கு."

மூன்றாவது கோளாறில் தெய்வக் குற்றமும் சேர்ந்துவிட்டது. டேஷ்போர்டு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில், பொட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு மேடு இருந்தது. பிள்ளையாரை உட்கார வைக்கத்தான் கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இருபக்க டேப் ஒட்டி அமர்த்தினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பூவும் வைத்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் சின்னச் சின்னத் துவாரங்களுடன் இன்னொரு சமாச்சாரம் இருந்தது. அது போன் பேசுகிற மைக் என்று மகளுக்கு விளக்கம் கொடுத்ததோடு நிற்காமல், அழைப்பு வந்தால் அதன் பக்கம் குனிந்து பேசியும் வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல்.

எல்லாம் வெளுத்தது கொடைக்கானல் போனபோது. மார்கழி மாதம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை சுகமாக இருந்தது. வெள்ளி அருவியை நெருங்கும்போது வெளியே 14 டிகிரி என்று காட்டியது. உள்ளே ஏசியிலிருந்து வெதுவெதுவென்று காற்று வந்தது. நான் நிபுணர் குரலில் அறிவித்தேன்: "கேஸ் போயிருச்சு." ஏசியை அணைத்தேன். அடுத்த இரண்டு வளைவில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. பிள்ளையார் துடைக்கும் துண்டால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் படிந்தது. கடைசியில் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு, குடும்பமே பல் கிட்டித்துப்போய் ஊர் சேர்ந்தோம். மலையை ரசிக்க ஜன்னலைத் திறந்ததாக மாமியாரிடம் சொல்லி வைத்தேன்.

திரும்பி வந்ததும் பாலக்கரைப் பக்கம் இருக்கிற ஏசி மெக்கானிக்கிடம் போனேன். "பாய், குளிர்ல சூடா காத்து வருது" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க 24 வெச்சிருக்கீங்க. வெளியில 14. அது எப்படி சார் 24 ஆக்கும்? சூடாக்கித்தானே ஆக்கணும்? இதுக்குப் போயி கம்ப்ளைன்ட்டா?" இன்ஜின் சூட்டைக் கொண்டுவந்து கலந்து என்னைக் கதகதப்பாக வைத்திருக்கிறது, பாவம். கண்ணாடியில் ஆவி படிந்ததற்கும் காரணம் சொன்னார். கூலிங் காயில் குளிர வைப்பதோடு காற்றில் இருக்கிற ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. கார் அடியில் சொட்டுகிற தண்ணீர் அதுதான். ஏசியை அணைத்தால் ஐந்து பேர் விடுகிற மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய்த்தானே உட்காரும்?

பிறகு அவர் கண் பிள்ளையார்மேல் போனது. பயபக்தியோடு, "சார், சாமிய நீங்களே எடுங்க" என்றார். எடுத்தேன். அந்தக் கறுப்புப் பொட்டு வெயிலை அளக்கிற சென்சார். காருக்குள் எவ்வளவு வெயில் விழுகிறது என்று பார்த்து, அதற்கேற்பக் குளிரைக் கூட்டச் சொல்வது அதன் வேலை. மூன்று வருடமாக என் காருக்குப் பகல் என்பதே தெரியாது. கத்திரி வெயில் மத்தியானத்திலும் அதற்கு அந்தி நேரம்தான். நான் குனிந்து பேசிய 'மைக்' உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெப்பம் பார்க்கிற இன்னொரு சென்சார். அதற்குத்தான் என் ஆபீஸ் ரகசியமெல்லாம் தெரியும்.

"புத்தகம் கொடுத்திருப்பாங்களே சார், படிக்கலியா?" என்று கேட்டார் பாய். கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

அன்றிரவு வெட்கத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஏசி முதன்முதலில் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது அமெரிக்காவின் பேக்கார்டு காரில், 1940 மாடலில். டிக்கியில் பாதி இடத்தை அது அடைத்துக்கொண்டது. அணைப்பதற்கு முறையான வழிகூட அதில் இல்லை. வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். நான் பிறந்திருக்க வேண்டிய காலம் அதுதான். 'ஒரு எண்ணை வைத்துவிட்டு மறந்துவிடு' என்கிற ஆட்டோமேட்டிக் ஏற்பாட்டை காடிலாக் 1964-ல் கொண்டுவந்தது. அறுபது வருடம் கழித்தும் எனக்கு மறக்கத் தெரியவில்லை.

பழைய குமிழைக் குறை சொல்லமாட்டேன். கண்ணால் பார்க்காமல் தடவித் திருப்பலாம். கெட்டுப்போக சென்சாரும் குட்டி மோட்டார்களும் அதில் குறைவு. ரிப்பேர் செலவும் குறைவு. மெனுவுக்குள் மெனு தேடுகிற இன்றைய திரைகளைவிட எத்தனையோ மேல். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள் தைரியமாகக் கீழ் மாடலையே வாங்கலாம். மிச்சப் பணத்துக்குக் கொடைக்கானலே போய் வரலாம். மேல் மாடலை வாங்கிவிட்டு அதைக் குமிழ் மாதிரி திருகிக்கொண்டிருந்தால் என் கதைதான். வெயிலில் நின்ற காரில் ஏறும்போது ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். பிறகு மூடி, 24 வைத்து, ஆட்டோவை அழுத்தி, கையை எடுத்துவிடுங்கள். சாமியைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

போன வாரம் மதுரைக்குப் போனோம். பாய் சொன்னபடியே 24, ஆட்டோ. விராலிமலை தாண்டியும் தொடவில்லை. வீட்டம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். துவரங்குறிச்சி வந்ததும் பொறுக்கமுடியாமல் 23 ஆக்கிவிட்டேன். பரவாயில்லை. டிகிரியை மாற்றினால் ஆட்டோ விளக்கு அணையாது.