நட்டெச்சம்: ஒரு முன்னாய்வு

என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன் கையில் கடைசியில் ஒரு நட்டு மிஞ்சும். இது உலகறிந்த செய்தி. பெயரெச்சம், வினையெச்சம் என்று மிச்சங்களுக்கெல்லாம் பெயர் சூட்டி, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்றே தலைப்பிட்ட மொழியில், இந்த நட்டுக்கு மட்டும் இலக்கணம் இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இம்முயற்சி.

ஆய்வுக் களம்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரம். மூலநூல்: திருவொற்றியூரில் பிறந்த பழைய காஸ்ட் அயர்ன் 350 புல்லட். உரிமையாளர்: சிதம்பரத்தில் வசிக்கும் என் மாமனார். பதிப்பாசிரியர்: அதுவரை பிளக்கைக்கூடக் கழற்றியறியாத அடியேன்.

2015 நவம்பர் மழையில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. மூழ்கிய வண்டியைக் கிக் அடிக்கக் கூடாது என்பது பட்டறை நெறி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே அடிக்கவில்லை. ஆயில் நட்டைத் திறந்தால் பால் தூக்கலான டீ போல ஒழுகியது. தண்ணீர் கலந்த ஆயிலின் நிறம் அது. அந்த வாரம் ஊரில் ஒவ்வொரு மெக்கானிக் கடை வாசலிலும் வண்டிகள் ரேஷன் வரிசை கட்டி நின்றன. "பத்து நாள் ஆகும் சார்" என்றார்கள். பத்து நாளில் ஓர் ஆய்வாளர் உருவாகிவிட முடியும்.

முதல் தடை ஸ்பேனர். புது செட்டில் பதின்மூன்று நுழையவில்லை, பதினான்கு வழுக்கிக்கொண்டு சுற்றியது. நட்டின் அகலம் 13.3 மி.மீ. பழைய புல்லட்டின் நட்டுகள் பலவும் இங்கிலாந்தின் அங்குலக் கணக்கில் பிறந்தவை. இந்தியா 1957இல் நயா பைசாவுக்கு மாறிவிட்டது. இந்த நட்டுகள் அணாக் காலத்திலேயே தங்கிவிட்டன.

கழற்றியவற்றை வரிசை தவறாமல் வைக்க இட்லித் தட்டைவிடச் சிறந்த கருவி உலகில் இல்லை. குழிக்கொரு நட்டு, தட்டுக்கொரு பாகம். ராக்கர் கவர் மேல் தட்டு, ஹெட் நடுத் தட்டு, பிளாக் கீழ்த் தட்டு. ஹெட்டைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தேன். 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, பெருக்கிப் பார்த்தால் 346 கன செ.மீ. வெற்றிடம். திரைக்குப் பின்னால் இருப்பது வெளிதான் என்று சிதம்பரத்தில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நான் கிரசின் வாசனையோடு கற்றேன்.

மாட்டும் கட்டத்தில் டாப்பெட் வைப்பதே நுட்பமான இடம். புஷ்ராடு விரலால் திருகினால் லேசாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. (நல்ல மாப்பிள்ளைக்கும் இதுதான் இலக்கணம் என்பது மாமனாரின் கொள்கை.) இதில் நான் மூழ்கியிருந்த நேரம் பார்த்துத்தான் மனைவி தட்டுகளைக் கேட்டாள்.

"ராத்திரிக்கு இட்லி வேணுமா, நட்டு வேணுமா?"

இட்லி வேண்டும் என்றேன். நட்டுகள் அனைத்தும் ஒரே முறத்துக்கு இடம்பெயர்ந்தன. எல்லாம் மாட்டி முடித்தபின் முறத்தில் ஒன்று கிடந்தது.

இனி ஆய்வு. கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு கணிப்பார்கள். நட்டின் காலத்தை மரையமைதி கொண்டு கணிக்கலாம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60. கோணமானி இல்லாததால் எங்கள் இரும்புக் கட்டிலின் எட்டு மி.மீ. போல்ட்டில் ஏற்றிப் பார்த்தேன். சுகமாக ஏறியது. பதின்மூன்று ஸ்பேனரும் கச்சிதமாகக் கவ்வியது. ஆக, இது மெட்ரிக் நட்டு, மூலத்தில் இல்லாதது, பிற்காலத்து மெக்கானிக் எவரோ செய்த இடைச்செருகல். இடைச்செருகலை நீக்குவது பதிப்பாசிரியரின் கடமை அல்லவா? எனவே நட்டு மிஞ்சியது என் பிழையன்று, நூல் தூய்மை பெற்றது என்று நிறுவினேன். ஒருவர் தக்கவரா என்பதை அவர் விட்டுச்செல்லும் எச்சத்தால் அறியலாம் என்பது வள்ளுவர் கருத்து. எச்சம் என்றால் மக்கள் என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். அவரிடம் புல்லட் இல்லை.

"உனக்குத்தான் மரை கழண்டிருக்கு" என்பது மனைவியின் மறுப்புரை. அதையும் பதிவு செய்கிறேன்.

முடிவைச் சோதிக்க, மாமனார் வீட்டுக்கே வண்டியைக் கிளப்பினேன். ஆலப்பாக்கம் வரை குறையில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் ஹேண்டில்பார் நடுங்கியது, பிறகு இருக்கை, பிறகு என் பற்கள். பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை அருகே நிறுத்தினேன். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து 1830களில் இரும்பு உருக்கியது அந்த ஊரில்தான். அவர் ஆலை லாபம் பார்க்கவில்லை. இரும்போடு மல்லுக்கட்டித் தோற்றவர்களில் அந்த வட்டாரத்தில் நான் முதலாமவன் இல்லை என்பதில் சிறு ஆறுதல்.

அங்கே நின்றபோதுதான் சொல்லாய்வில் ஒரு வெளிச்சம். நட்டு ஆங்கிலச் சொல் என்பர். இருக்கட்டும். தில்லையில் நட்டம் என்றால் ஆடல். கடைத்தெருவில் நட்டம் என்றால் இழப்பு. ஒரு நட்டு குறைந்த புல்லட் இரண்டு பொருளையும் ஒருசேர விளக்குகிறது.

சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. நட்டை நீட்டி, மரையமைதி, விட்வொர்த், இடைச்செருகல் எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். மெக்கானிக் நட்டைப் பார்க்கவே இல்லை. டேங்குக்கு அடியில் விரலை விட்டு, ஹெட்டை ஃபிரேமோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டையை ஆட்டிக் காட்டினார்.

"இங்க உள்ளது சார். பழைய போல்ட்டு மரை போயிருக்கும், எவனோ எட்டு எம்எம் போட்டு வெச்சிருக்கான். இது இல்லாட்டி என்ஜின் ஆடத்தான் செய்யும்."

ஆக, இடைச்செருகல் என்ற என் முடிவு சரி. நீக்கியது மட்டும் தவறு. கூலி வேண்டாம் என்றவர், டீக்குக் காசை என்னைக் கொடுக்கச் சொன்னார். வாசலில் காத்திருந்த மாமனார், "வாங்க மாப்பிள்ளை, வண்டி ஜம்முனு இருக்கே" என்றார். நான் மறுக்கவில்லை.

அன்றிரவு கடலூரிலிருந்து போன். இட்லித் தட்டை விளக்கும்போது கீழ்த் தட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு வாஷர் கிடைத்ததாம். செம்பு, பத்து பைசா அளவு, ஒரு பக்கம் கரி. அது எந்த இடத்தது என்று அறிந்த அன்பர்கள், மாமனாருக்குத் தெரியாமல், எனக்குத் தெரிவிக்கவும்.